டேப்லெட் வாங்காவிட்டால் மகனைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்களா? பீனிக்ஸ் வாசகிக்கு ஒரு கல்வி உளவியலாளரின் பதில்

டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கும்பகோணம் பக்கம் பிறந்தவர், கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவரின் குடும்பம் பல தலைமுறைகளாக நேட்டாலிலேயே வாழ்கிறது. கணவருக்குத் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. மாமியார் கோயிலில் தேவாரம் பாடுவார், வீட்டுப் பேச்சு ஆங்கிலம்தான். மகன் கட்டணம் வாங்கும் ஓர் அரசுப் பள்ளியில் கிரேட் 1 படிக்கிறான். ஜனவரியில் கிரேட் 2 போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் இன்ன மாடல் டேப்லெட் கொண்டுவர வேண்டும், ஒரு வாசிப்புச் செயலிக்கு ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும் என்று ஸ்டேஷனரி லிஸ்ட்டோடு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. பிள்ளையின் புகைப்படத்தையும் குரல் பதிவையும் செயலி வைத்துக்கொள்ள ஒப்புதல் கேட்டு ஒரு படிவமும் கூடவே வந்திருக்கிறது.

கணவருக்குக் கிடங்கில் வேலை. "கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம், இல்லாவிட்டால் பையன் பின்தங்கிவிடுவான், இனி எல்லாமே கம்ப்யூட்டர்தான்" என்கிறார். மாமியாரோ, போனைக் கொடுத்துக் கெடுத்ததே நீதான் என்கிறார். பையன் அம்மாவின் போனில் அதே செயலியில் ஏகப்பட்ட நட்சத்திரங்கள் வாங்கியிருக்கிறான். காகிதப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு வரிக்குள் தடுமாறுகிறான். போனைத் திரும்ப வாங்கினால் அழுகையும் சண்டையும். வகுப்பாசிரியர், அவன் சரியாக வாசிக்கும்வரை வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வயது மகள் சமையல் நேரத்தில் யூடியூபில் தமிழ்ப் பாட்டு பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டிசம் வந்துவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். "எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறேன்? டேப்லெட்டாவது சொல்லிக்கொடுக்கட்டுமே என்றும் தோன்றுகிறது" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் பயத்தை இறக்கிவைத்துவிடலாம்.

பள்ளி அவனை வெளியே அனுப்ப முடியாது

அரசுப் பள்ளிகளுக்கு 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம்தான் அடிப்படை. பெற்றோரால் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. கட்டணம் பாக்கி இருந்தாலும் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தவோ, பள்ளி நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கவோ, ரிப்போர்ட்டைப் பிடித்துவைக்கவோ கூடாது என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணத்துக்கே இப்படி என்றால், டேப்லெட் இல்லை என்பதற்காக உங்கள் மகனை யாரும் வெளியே நிறுத்த முடியாது. இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். அவர் கடன் வாங்கத் துடிப்பதற்கும் இந்தப் பயமே பாதிக் காரணமாக இருக்கும்.

சந்தா விஷயமும் பார்க்க வேண்டியது. பள்ளிக் கட்டணம் தவிர, பதிவுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று வேறு பெயரில் அரசுப் பள்ளி வசூலிக்கக் கூடாது என்கிறது 39-ஆம் பிரிவு. கட்டணத்தையும் பள்ளி நிர்வாகக் குழு, அதாவது எஸ்ஜிபி, தானாக முடிவு செய்துவிட முடியாது. 30 நாள் முன்னறிவிப்போடு பெற்றோர் கூட்டம் கூட்டி, வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்து, பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தக் கூட்டம் நடந்ததா, டேப்லெட் திட்டம் அதில் பேசப்பட்டதா, சந்தா எந்தக் கணக்கில் வருகிறது என்று நீங்கள் கேட்கலாம்.

"பாடமே டேப்லெட்டில்தான் இருக்கிறது" என்று பள்ளி சொன்னால்? லிம்போபோ மாகாணத்தில் பாடநூல்கள் வராமல் போன வழக்கில், பாடநூல் பெறுவது அடிப்படைக் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு மாணவருக்கும், பாடம் தொடங்கும் முன்பே நூல் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நூலை ஒரு கருவிக்குள் வைத்துவிட்டு, கருவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது நியாயமான வழி இல்லை என்பது என் கருத்து. அதோடு, கல்வித் துறை அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பும் வண்ணப் பயிற்சி நூல்கள் கிரேட் 2-க்கும் உண்டு. அவை எங்கும் போய்விடவில்லை.

ஆனால் இதையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் மகன் அந்த ஆசிரியர்களிடம்தான் இன்னும் பல வருடம் இருக்கப் போகிறான். பல பள்ளிகளில் இந்தத் திட்டங்கள் நல்ல எண்ணத்தில்தான் தொடங்குகின்றன. விற்பனைப் பிரதிநிதி வந்து பேசுகிறார், பக்கத்துப் பள்ளியில் இருக்கிறது, பெற்றோரே கேட்கிறார்கள், சரி என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டுவிடுகிறார். அவருக்குப் பணிவாக, சுருக்கமாக ஒரு கடிதம் எழுதுங்கள். குடும்பச் சூழலில் இப்போது டேப்லெட் வாங்க முடியாது. பள்ளியிலேயே பகிர்ந்துகொள்ளும் டேப்லெட்டுகள் உண்டா. அதே பாடத்தைக் காகிதத்தில் செய்ய வழி உண்டா. குறிப்பிட்ட மாடல்தான் வேண்டுமா. கிரேட் 2-க்கு வாரத்துக்கு 23 மணி நேரப் பாடம். அதில் எத்தனை மணி நேரம் திரையில் போகும் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லும் பள்ளி யோசித்துச் செய்திருக்கிறது என்று அர்த்தம். பதில் வராவிட்டால், கேட்டதே பள்ளியை யோசிக்க வைக்கும்.

இன்னொன்று, ஏழு வயதுப் பிள்ளையின் பையில் டேப்லெட் இருக்கிறது என்று தெருவுக்கே தெரிவது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. கவுட்டெங் மாகாணம் 2015 ஜனவரியில் 'காகிதமில்லா வகுப்பறை' தொடங்கியபோது டேப்லெட்டுகளைக் குறிவைத்துப் பள்ளிகளிலேயே திருட்டும் கொள்ளையும் நடந்தன. கருவி வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வர வேண்டுமா, பள்ளியிலேயே பூட்டி வைப்பார்களா, தொலைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பையன் அதைச் சுமந்துகொண்டு நடந்து வருவதை நான் விரும்பவில்லை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி

வளர்ந்தபின் அவன் கம்ப்யூட்டரோடுதான் வேலை செய்யப் போகிறான். அதில் சந்தேகமில்லை. அதனால் ஏழு வயதில் சொந்த டேப்லெட் இருந்தே ஆக வேண்டும் என்பது மட்டும் தவறான முடிவு.

பெரு நாடு ஏழைப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் கொடுத்தது. பின்னர் 319 பள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. கருவி கைக்கு வந்துவிட்டால் படிப்பும் வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தான்சானியாவின் தாங்கா பகுதியில், பெரும்பாலும் பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்து 15 மாதம் பார்த்தார்கள். கற்பிக்கும் செயலிகளுக்காக நடந்த ஒரு போட்டி அது. முடிவு 2019-ல் வந்தது. தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுவாஹிலியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள். முடிவில் அந்த அளவு பாதியாகக் குறைந்தது. ஏன் அங்கே பலன் தந்தது? பாடம் பிள்ளைகள் பேசும் மொழியில் இருந்தது, சின்னச் சின்னப் படிகளாக இருந்தது, இணையம் இல்லாமலே ஓடியது, விளம்பரம் கிடையாது. வேறு ஆசிரியரே இல்லாத இடத்தில் அது ஆசிரியரின் இடத்தை ஓரளவு நிரப்பியது. உங்கள் மகனுக்கோ ஆசிரியர் இருக்கிறார், வீட்டில் மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு டேப்லெட் உதவலாம், ஆனால் அது இல்லாமல் படிப்பு நிற்காது.

கோடிங் பற்றியும் உங்கள் கணவர் கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கிரேட் ஆர், அதாவது கிரேட் 1-க்கு முந்தைய வகுப்பு, முதல் 9 வரைக்கான கோடிங், ரோபோட்டிக்ஸ் பாட வரைவை அரசு 2021-ல் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. சின்ன வகுப்புகளுக்கு அதில் ஒழுங்கு கண்டுபிடிப்பது, படிப்படியாகக் கட்டளை சொல்வது போன்றவை பெரிய இடம் பிடிக்கின்றன. இவற்றுக்குத் தனி டேப்லெட் தேவையே இல்லை. கெபெர்ஹாவில் உள்ள நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் உருவான 'டேங்க்ஸ்' விளையாட்டில் பிள்ளைகள் காகிதத்தில் வெட்டிய கட்டளைத் துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்குகிறார்கள். கடைசியில் ஒரே ஒரு போனால் அதைப் படம் எடுத்தால் திரையில் டேங்க் அந்தக் கட்டளைப்படி நகரும். ஒரு போனைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்கார்ந்து வாதாடிக் கற்கிறார்கள். ஆளுக்கொரு திரை என்பதைவிட இந்த வயதுக்கு இது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் கணவர் சமையலறையிலேயே இதைத் தொடங்கலாம். ரொட்டியில் ஜாம் தடவுவது எப்படி என்று பையன் ஒவ்வொரு படியாகக் கட்டளை சொல்லட்டும், அப்பா சொன்னதை மட்டும் அப்படியே செய்யட்டும். மூடியைத் திற என்று சொல்லாமல் விட்டால் ஜாம் வராது. தவறு எந்தப் படியில் என்று அவனே தேடித் திருத்துவான்.

நட்சத்திரம் நிறைய, வாசிப்பு ஏன் இல்லை?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான். பையன் நடிக்கவில்லை, சோம்பேறியும் இல்லை. செயலியில் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன். ஆனால் அங்கே கெட்டிக்காரனாக இருக்க வாசிக்க வேண்டிய அவசியம் குறைவு. படம் இருக்கிறது, குரல் சொல்லைப் படித்துக் காட்டுகிறது, மூன்று விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். தப்பாகத் தொட்டால் இன்னொரு முறை தொடலாம். பிள்ளைகள் மிக விரைவாகக் கண்டுபிடிப்பது எந்தப் பொத்தான் சரி என்பதைத்தான். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துவிடுகிறார்கள். காகிதத்தில் குரலும் இல்லை, மூன்று விடைகளும் இல்லை. அங்கே எழுத்தை ஒலியாக்கி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கி, சொற்களைச் சேர்த்துப் பொருள் காண வேண்டும். மூன்றையும் தானே செய்ய வேண்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அவன் செயலியில் சரியாகச் செய்த சொற்களில் ஐந்தாறை எடுத்துப் பென்சிலால் வெள்ளைத்தாளில் எழுதுங்கள். படம் வேண்டாம். வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே சொற்களை நீங்கள் சொல்ல, அவன் எழுதட்டும். இரண்டும் வந்தால் செயலி அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வராவிட்டால், நட்சத்திரம் வேறு எதற்கோ கிடைத்தது. இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், ஆசிரியரிடம் காட்ட வேண்டிவரும்.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2021-ல் வெளிவந்தது. ஒரே கதை காகிதத்திலும் திரையிலும் இருந்தால், காகிதத்தில் கேட்டுப் படித்த பிள்ளைகளுக்குக் கதை கூடுதலாகப் புரிந்தது. திரையில் உள்ள அசைவும் ஒலியும் கதையையே விளக்கினால் திரை முந்தியது. கதையோடு சம்பந்தமில்லாத விளையாட்டும் அலங்காரமும் கவனத்தைக் கலைத்தன. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள். பட்டாசு வெடிக்கிறதா, பரிசுப் பெட்டி திறக்கிறதா என்பதை விட்டுவிட்டு, முடிந்தபின் பிள்ளையால் கதையைத் திரும்பச் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள்.

உங்கள் பையன் தனி ஆளும் இல்லை. பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், 2021-ல் தென்னாப்பிரிக்கக் கிரேட் 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையை எட்டவில்லை. 2016-ல் அது 78 சதவீதம். நம் நாட்டின் பெரிய காயம் இது. எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாமல் எத்தனையோ பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அப்படித்தான். உங்கள் மகன் இன்னும் கிரேட் 1-ல் இருக்கும்போதே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இது பெரிய விஷயம். உங்கள் போன் அவன் மூளையைக் கெடுத்துவிடவில்லை. பழக வேண்டிய ஒன்று இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

பழக்குவது எப்படி? ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், காகிதப் புத்தகம், பக்கத்தில் ஒரு பெரியவர். முனிசிபல் நூலகத்தில் மெல்லிய புத்தகங்களாக எடுத்து வாருங்கள். தடுமாறும் இடத்தில் உடனே சொல்லைச் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், விரலை அந்தச் சொல்லின் கீழே வையுங்கள். ஒரு பக்கத்தில் நிறையச் சொற்களில் தடுமாறினால் அந்தப் புத்தகம் அவனுக்குக் கடினம், அதைவிட எளிதானதை எடுங்கள். பக்கம் முடிந்ததும் கேளுங்கள்: இவன் ஏன் அப்படிச் செய்தான், அடுத்து என்ன நடக்கும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆள்தான் முக்கியம். செயலி அவன் தொட்டதைக் கேட்கும். அவன் எதை நினைத்து அப்படிச் சொன்னான் என்று கேட்காது.

செயலியை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. புத்தகம் முடிந்தபின், தினமும் ஒரே நேரத்தில், இருபது நிமிடம் கொடுங்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். நேரம் முடியும்போது பிடுங்காதீர்கள். "இந்தப் பாடம் முடிந்ததும் போனை நீயே என்னிடம் கொடு" என்று முன்பே சொல்லிவிட்டால், நடுவில் அறுபடும் கோபம் குறையும். முதல் சில நாள் அழுகை இருக்கும். நீங்கள் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான், அதனால் மாமியாரும் நீங்களும் ஒரே பேச்சில் நில்லுங்கள். யார் கெடுத்தது என்ற பேச்சை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். அதைப் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

தமிழை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அக்கறையோடு சொன்னதுதான். ஆனாலும் இந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். வீட்டில் இன்னொரு மொழி பேசுவதால் பிள்ளை வாசிப்பில் பின்தங்குவதில்லை. பள்ளியே அவனுக்கு ஆங்கிலத்தோடு இசிஜுலுவோ ஆப்ரிகான்ஸோ கூடுதல் மொழியாகக் கற்பிக்கிறது. அது அவனைக் குழப்பாது என்று நம்பும் பள்ளி, அம்மா பேசும் தமிழ் மட்டும் குழப்பும் என்று நினைக்கக் கூடாது. இந்த நாட்டின் 1996 அரசியலமைப்பே 6-ஆம் பிரிவில், மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆசிரியரிடம் பேசும்போது இதையும் தயங்காமல் சொல்லலாம்.

தமிழை நிறுத்தினால் என்ன ஆகும்? உங்களுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் அவனோடு பேசுவீர்கள். பேச்சு குறையும். வா, சாப்பிடு, தூங்கு என்ற அளவில் சுருங்கிவிடும். ஏன் மழை வருகிறது, தாத்தா வயலில் என்ன செய்தார், காக்கா ஏன் ஏமாந்தது என்ற பேச்சுதான் ஒரு பிள்ளைக்குச் சொல்வளத்தையும் காரண காரியத்தையும் தருகிறது. தமிழில் புரிந்த விஷயத்துக்கு ஆங்கிலச் சொல் மட்டும் கற்றால் போதும். எந்த மொழியிலும் புரியாததை இரண்டு மடங்கு கற்க வேண்டும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நான் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று கேட்டீர்கள். அவன் ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கட்டும், கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்பது இங்கே நன்மைதான். அம்மாவுக்கு விளக்க வேண்டியிருப்பதால் அவன் பொருளைத் தேடித்தான் ஆக வேண்டும், ஊகித்துத் தப்பிக்க முடியாது. அவன் சொன்ன கதையில் ஓட்டை இருந்தால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். "நரிக்கு எப்படித் தெரிந்தது? நீ அதைச் சொல்லவே இல்லையே" என்று கேளுங்கள். அவன் புத்தகத்துக்குத் திரும்பிப் போவான். இதை எந்தச் செயலியும் உங்களைப்போல் செய்யாது.

போனையும் இதற்குப் பயன்படுத்துங்கள். ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், பல கதைகளுக்கு ஆங்கில வடிவமும் உண்டு. ஒரே கதையை நீங்கள் தமிழில் வாசியுங்கள், அடுத்த நாள் கணவர் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். நம் நாட்டில் உருவான ஆப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் இசிஜுலு உட்படப் பல ஆப்பிரிக்க மொழிகளில் கதைகள் இருக்கின்றன. மாமியாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேவாரத்தில் ஒரு பாட்டை அடியடியாகப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒலி எந்தெந்த இடத்தில் திரும்பி வருகிறது என்று பையன் கேட்டுப் பிடிக்கட்டும். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காது பிரித்தறிவது வாசிப்புக்கு அடித்தளம்.

மகளைப் பற்றி

யூடியூப் பார்ப்பதால் ஆட்டிசம் வராது. அது பிறவியிலேயே மூளை வளர்ச்சியோடு வருவது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். 2 முதல் 4 வயது வரை திரை முன் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சமைக்கும்போது பாட்டு வேண்டுமானால் போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் ஓடவிடுங்கள், ஆடட்டும், பாடட்டும். கும்பகோணத்துப் பாட்டியோடு வாட்ஸ்அப் வீடியோவில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். அங்கே ஓர் ஆள் அவளுக்குப் பதில் சொல்கிறார். மூன்று வயதில் அவள் சின்ன வாக்கியங்கள் பேசாவிட்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, திரையைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டிக் காது கேட்கும் சோதனை செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளையும் தினமும் வெளியே வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதைத் தாமதப்படுத்த அது உதவுகிறது.

படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போபியா என்று இங்கே சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. பெற்றோரின் ஒப்புதலை வைத்து அதைப் பயன்படுத்துவதானால், அந்த ஒப்புதல் விரும்பிக் கொடுத்ததாக, எதற்கென்று குறிப்பிட்டதாக, விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். "கல்வி நோக்கங்களுக்காக" என்ற ஒரே வரி அதற்குப் போதாது என்பேன். குரல் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, நிறுவனம் வேறு யாருக்குக் கொடுக்கும், எப்போது அழிக்கும், முகம் தெரியும் படம் இல்லாமல் கணக்குத் தொடங்க முடியுமா என்று கேட்டுப் பதில் வந்தபின் முடிவு செய்யுங்கள். கொடுத்த ஒப்புதலைப் பின்னால் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

கடைசியாக ஒரு வேலை. அந்தச் சொற்கள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இந்தப் பள்ளித் தவணை முடியும் முன் ஆசிரியரைப் பாருங்கள். வீட்டில் இந்தப் பதினைந்து நிமிடத்தை ஒரு தவணை முழுக்கச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால், 2014-ல் வந்த சியாஸ் கொள்கையின்படி அவனைப் பள்ளியின் ஆதரவுக் குழுவிடம் அனுப்பும்படி நீங்கள் எழுத்தில் கேட்கலாம். குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிந்து உதவுவதற்கான அரசின் வழிமுறை அது, தண்டனையோ முத்திரை குத்துவதோ இல்லை. அதற்கு முன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதனால் கண் மருத்துவரை இந்த மாதமே பார்த்துவிடுவது நல்லது.